சர்வே கல்லோடு பொருந்திய எண்கள்

முந்தாநாள் சாயங்காலம் என் ஜன்னலோர மேசையில் இரண்டு கருவிகள் கிடந்தன. ஒன்று என் கைபேசி. இன்னொன்று கலியபெருமாள் சார் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன ப்ளாட்டர். கடலில் படகு எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டும் திரை. பச்சை பூத்திருந்த பின்களைச் சுரண்டித் துடைத்து பேட்டரியில் மாட்டியதும் அது உயிர் பெற்றது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஒரே மேசை, ஒரே ஜன்னல், ஒரே வானம். எண்களின் வால்பகுதி மட்டும் ஒத்துப்போகவில்லை.

ஒரு சாண் இடைவெளியில் கிடக்கும் இரண்டு கருவிகள், தங்களுக்குள் இருநூறு மீட்டருக்கு மேல் தூரம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. செட்டிங்கைத் திறந்தேன். அங்கே இருந்த ஒரு வரியைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இதை எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

என் பாலிடெக்னிக் ஜூனியர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'அண்ணா, பழைய ஃபைபர் போட் ஒண்ணு வந்திருக்கு, எந்த ப்ளாட்டர் போடலாம்? எத்தனை இன்ச்?' என்று போன் வரும். இப்போது எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து மாட்டிவிடுகிறார்கள். உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள், குரூப்பில் போடுகிறோம் என்றார்கள். நானும் எத்தனை இன்ச் என்பதற்கு நாலு பக்கம் எழுதித் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நான் ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் நெய்வேலி டவுன்ஷிப்பில் சிரிக்கிறார்கள். இங்கே ஓய்வு என்றால் அறுபது வயது, சந்தனமாலை, குவார்ட்டர்ஸைக் காலி செய்வது. எனக்கு முப்பத்தொன்று. அத்தா மெயின் பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறார். மைன்ஸ் வேலைக்கு எழுதிப் போடு, எழுதிப் போடு என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாவை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் பஸ் ஏறியவன். கடல் இல்லாத ஊரில் பிறந்தவனுக்குக் கடல்மேல் வந்த மோகம் அது. துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் படகு எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த தேவநாதன் அண்ணனிடம் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் சால்டரிங், ஒயர் முனையில் கிளிப்பை நசுக்கி கிரிம்ப் பண்ணுவது, ஒயர் இழுப்பது, டீ வாங்குவது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஒல்லியான மனிதர், எப்போதும் தோளில் ஒரு துண்டு, குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்த்திப் பேசுவார். அவர் சொல்வது காதில் விழவில்லை என்றால் நீங்கள் பெரிய தப்பு செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்து பெரிய திரையாகக் காட்டுங்கள் என்பார். அண்ணன் திரைகள் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"போறத வுடுங்க. எத நம்பித் திரும்பி வருவீங்க?"

பதில் வரும்வரை அவர் விலைப்பட்டியலை எடுக்க மாட்டார். என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு அது நரகம். பக்கத்தில் நின்று நெளிந்துகொண்டிருப்பேன்.

கலியபெருமாள் சாரும் அவர் மகன் செந்திலும் அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சார் மைன்ஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். செந்தில் எனக்கு ஸ்கூலில் ஒரு வருடம் சீனியர். அவனும் மைன்ஸ்தான், ஆனால் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சொல்லி, அவன் கல்யாணமே அந்த வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் ஒரு ரிசார்ட் கழித்துக் கட்டிய பவர்போட் ஒன்றை சார் மகனுக்காக வாங்கியிருந்தார். தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற ஆசையில் சென்னையிலிருந்து வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது திட்டம். கடலூருக்குத் தெற்கே ஒரு சின்ன முகத்துவாரத்துக்குள் படகைக் கட்டிக்கொள்ள இடமும் பிடித்திருந்தார்கள்.

அண்ணன் கேள்வியைக் கேட்டார். செந்தில் அப்பாவைக் காட்டி, "இவர நம்பித்தாண்ணே. இவரு அளந்து குடுத்தா அடிபிசகாது" என்றான்.

அண்ணன் சிரிக்கவில்லை. சாருக்கு அது பிடித்திருந்தது.

படகு நெய்வேலியில், சார் வீட்டை ஒட்டிய ஷெட்டில் டிரெய்லர்மேல் நின்றது. அலையே பார்க்காத ஊரில், முருங்கை மரத்தடியில், சாம்பல் தூசி படிந்த ஒரு பவர்போட். போகிற வருகிறவர்கள் எல்லாம் எந்த மைன்ஸுக்குத் தண்ணி இறைக்க என்று கேட்டார்கள். வேலை முழுவதையும் நான் அங்கேதான் செய்தேன்.

பழைய படகுக்குப் புதுக் கருவி என்றால் அண்ணனிடம் ஒரு முறை உண்டு. முதலில் எதையும் மாட்டக் கூடாது, கழற்ற வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் தடவிக்கொண்டே அது முடிகிற இடம்வரை போக வேண்டும். எங்கும் போய்ச் சேராத ஒயர்களை உருவி எறிய வேண்டும். ரிசார்ட்காரர்கள் ஸ்பீக்கர், கலர் லைட், ஃப்ரிட்ஜ் என்று மாட்டி மாட்டி அறுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு கோணிப்பை நிறைய வந்தது. அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து மீட்டரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் இழுக்கிற அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது? அந்தப் படகில் ப்ளாட்டர் அணைந்து மறுபடி தொடங்குகிற அளவுக்கு விழுந்தது. எஞ்சின் நின்றுபோய் அலையில் ஆடுகிற நேரத்தில், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் திரை இருண்டால் எப்படி இருக்கும்? அதனால் கருவிகளுக்குத் தனி பேட்டரி. பிறகு ரேடியோ. பெட்டி நன்றாக இருந்தது; ஆன்டெனா ஒயருக்குள் உப்புத்தண்ணீர் ஏறிக் கருத்திருந்தது. பெட்டியை வைத்துக்கொண்டு ஒயரை மாற்றினோம். ஆழம் பார்க்கும் சென்சாரை, புரொப்பெல்லர் கிளப்பும் நுரை படாத பக்கமாகப் பார்த்து அடிப்பக்கம் பொருத்தினேன். காந்தத் திசைகாட்டி பழசு, உள்ளே ஒரு குமிழி. அதைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் முள்ளை இழுத்துக்கொண்டிருந்த ரேடியோ ஸ்பீக்கரைத்தான் தூர நகர்த்தினோம்.

கடைசியில்தான் ப்ளாட்டர். சார் கேட்டதைவிடச் சின்னத் திரை. வெயிலில் தெரிவதா, ஈரக்கையால் அமுக்க பட்டன் இருக்கிறதா என்று பார்த்து அண்ணன் எடுத்துக் கொடுத்தது.

நான் அடியில் படுத்துக் கிடக்க, செந்தில் டார்ச் பிடிப்பான். வாய் சும்மா இருக்காது. "பாய், நீங்க பொறக்கும்போது தொப்புள் கொடிய வெட்டுனாங்களா, கிரிம்ப் பண்ணாங்களா?" என்பான். ஷிஃப்ட் முடிந்து கரி அப்பிய முகத்தோடு நேராக வந்து நிற்பான். ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதுவும் சரியாக வரவில்லை என்றால் அப்பாவிடம் முகத்தைக் காட்ட முடியாது என்றான். நான் டார்ச்சை நேராகப் பிடி என்று மட்டும் சொன்னேன்.

தண்ணீரில் இறக்கிய நாளன்று அண்ணனே வந்தார். முகத்துவாரத்துக்குள் ஆழமான வழி எது என்று உள்ளூர் மீனவர் ஒருவரை முன்னால் ஓட்டவிட்டு, நாங்கள் பின்னால் போனோம். வளைவுக்கு வளைவு நின்று, நின்ற இடத்திலேயே பட்டனை அமுக்கிப் புள்ளி வைத்தேன். திரையில் ஒரு கோடு உருவானது. திரும்பி வருகிற கோடு. கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டுக் கரைப்பக்கம் திரும்பியதும், அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடல்நீரில் முக்கித் திரைமேல் போட்டார். எல்லாப் படகிலும் செய்வதுதான்.

"இப்ப வா" என்றார்.

செந்தில் விழித்தான். பிறகு காந்தத் திசைகாட்டியைப் பார்த்தான், கரையில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் சவுக்குத் தோப்பையும் பார்த்தான், மெதுவாக, வியர்த்துக்கொண்டு, உள்ளே கொண்டுவந்தான். அண்ணன் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, தோப்பு கண்ணுக்குத் தெரியாத நாளில் உள்ளே வரக் கூடாது, வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார். செந்தில் தலையாட்டினான்.

அதற்குக் கொஞ்ச நாளில் எனக்குத் தலைசுற்றல் ஆரம்பித்தது. உள்காதில் கோளாறு. நின்ற இடத்திலேயே தரை ஒருபக்கமாகச் சரியும். படகில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் குடலே வெளியே வந்துவிடும். மருந்து, ஸ்கேன், புதுச்சேரி, சென்னை எல்லாம் ஆயிற்று. தரையில் சரியாகிவிட்டது, படகு ஏறுவதை மட்டும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் என் டூல் பாக்ஸை அவர் கையாலேயே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எனக்கு ஓய்வு கிடைத்தது அப்படி. மறு வருடம் அவரும் கடையை மூடிவிட்டுத் திருச்சிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கூப்பிட்டால் மகள்தான் போனை எடுத்து, அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்கிறாள்.

செந்திலுக்கு முதல் சீசன் நன்றாகவே ஓடியது. கான்ட்ராக்ட் வேலையை விட்டான். பெண் வீட்டார் சரி என்றார்கள். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. இந்தச் சின்ன முகத்துவாரங்கள் மழைக்கு மழை இடம் மாறும். ஆற்று வெள்ளம் மணலைத் தள்ளிப் புதிதாக வழி வெட்டும். மழை ஓய்ந்ததும் மீனவர்கள் புது வழியின் எண்களைப் போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்த எண்கள் செந்திலுக்கும் வந்தன. வெளிச்சமான நாட்களில் அவன் கண்ணால் பார்த்து ஓட்டியிருக்கிறான்; கோட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. மார்கழியில் ஒரு காலை அடர்ந்த பனிமூட்டம். படகில் வந்த பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நங்கூரம் போட்டுக் காத்திருக்க முடியாது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். வழிக்கு வடக்கே மணல்திட்டில், அலை உடைகிற இடத்தில், படகு ஏறிக் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்த மற்றவர்கள் பிழைத்தார்கள், நெஞ்சைப் பிடித்த பெரியவர் உட்பட. செந்திலும் போட்டிருந்தான். எஞ்சின் அவன்மேல் விழுந்தது.

பனிமூட்டம், மணல், விதி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். துக்கத்துக்குப் போனபோது சார் என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. முருங்கை மரத்தடியில் காலி டிரெய்லர் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, கோடு சரியாகத்தான் இருந்தது தம்பி என்றார். புது எண்களை நானே போட்டேன் என்றார். அவன் கோட்டை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, அதில் மகன்மேல் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது.

போன வாரம், கவிழ்ந்த படகிலிருந்து கழற்றிய அந்த ப்ளாட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அம்மா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தார். செட்டு உயிரோடு வந்தால், மகன் நினைவாக அந்த முகத்துவாரத்துப் படகு ஒன்றுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் போகிறாராம். மீனவர்களின் ஜி.பி.எஸ். செட்டுகளை வாங்கிப் பார்த்துச் சரிசெய்து கொடுக்கிறாராம்.

"எல்லா செட்டுமே கம்பெனியிலேர்ந்து தப்பாத்தான் வருது தம்பி" என்றார். "இதுவும் அப்படித்தான் இருந்துச்சு. முதல் மழை சீசன்ல, போட்டு ஷெட்ல நின்னப்ப, பைக் பேட்டரில மாட்டி எடுத்துக்கினு நம்ம சர்வே கல்லுகிட்ட போனேன். கல்லோட நம்பர் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். இது வேற காட்டுச்சு. மெனுவுல போய் மாத்துனேன் பாரு, அப்படியே பொருந்திடுச்சு. ஒரு புள்ளி பிசகல."

நான் அப்போது தலையாட்டிக்கொண்டிருந்தேன். கவனம் அவர் கையில் ஆறிக்கொண்டிருந்த டீயில் இருந்தது. முந்தாநாள் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது முழுதும் காதில் விழுந்தது.

ஜூனியர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்கு எண் போடுவதற்கு ஒரே கணக்கு இல்லை. நம் நாட்டுப் பழைய சர்வே வரைபடங்களும் சர்வே கற்களும் ஒரு கணக்கில் எழுதப்பட்டவை. கைபேசி உட்பட, செயற்கைக்கோளைக் கேட்டு நடக்கிற ஜி.பி.எஸ். கருவிகளின் கணக்கு வேறு. இந்தக் கணக்குக்குப் பெயர் டேட்டம். ஒரே இடத்துக்கு இரண்டிலும் வேறுவேறு எண். ஒரே எண்ணுக்கு இரண்டிலும் வேறுவேறு இடம். கருவியின் செட்டிங்கில் எந்தக் கணக்கு என்று தேர்ந்தெடுக்க ஒரு வரி உண்டு. சார் அங்கே பழைய இந்தியக் கணக்கை வைத்திருந்தார். ஆயுள் முழுக்க மைன்ஸில் அவர் அந்தக் கணக்கில்தான் அளந்தார். ஒரு கல் தள்ளி வெட்டினால் கோடிக்கணக்கான டன் மண் சரியும் இடத்தில், அவர் அளந்து எதுவும் சரிந்ததில்லை. ஒரு கருவி சரியா தப்பா என்று தெரிய வேண்டுமென்றால், தெரிந்த கல்லிடம் எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். அதைத்தான் செய்தார்.

நான் நின்ற இடத்தில் பட்டனை அமுக்கி வைத்த பழைய புள்ளிகள் கெடவில்லை. கருவி அவற்றை உள்ளே செயற்கைக்கோள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும். கையால் தட்டச்சு செய்கிற புள்ளிகள்தான் கெடும். மீனவர்களின் எண்கள் செயற்கைக்கோள் கணக்கில் வந்தவை. கருவி அவற்றைப் பழைய கணக்கு என்று எடுத்துக்கொண்டு, முழு வழியையும் தூக்கி வடமேற்கே வைத்துவிட்டது. மணல் மாறுகிற இடம் என்பதால் வரைபடத்தில் அங்கே மணல்திட்டு வரையப்பட்டிருக்காது, பார்த்தாலும் தெரியாது. அந்தப் புள்ளிகள் இன்னமும் திரையில் இருக்கின்றன. மைன்ஸில் முளை அடிப்பதுபோல் சார் வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார். செந்தில் கோட்டை விட்டு விலகவில்லை. கடைசிவரை கோட்டின்மேலேயே வந்திருக்கிறான்.

இரண்டு நாளாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். செட்டிங்கை மாற்றிவிட்டு, புள்ளிகளை அழித்துவிட்டு, சரியாகிவிட்டது சார் என்று கையில் கொடுத்துவிடலாம். அத்தாவும் அதைத்தான் சொல்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் என்னத்தைச் சொல்லப் போகிறாய், இருக்கிற நாலு நாளாவது தூங்கட்டும் என்கிறார். மிஷினில் பாபினை மாற்றிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொல்வது நியாயம்தான்.

ஆனால் சார் சரிசெய்து கொடுத்த மற்ற செட்டுகள் இருக்கின்றன. மகனைப் பறிகொடுத்தவர், படித்தவர்; மீனவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? இப்போதைக்கு ஒன்றும் ஆகாது; பழைய புள்ளிகள் அவர்களைக் காப்பாற்றும். புரட்டாசி முடியப் போகிறது. மழை வரும், முகத்துவாரம் மறுபடி நகரும், புது எண்கள் போன் போனாகப் பரவும், ஒவ்வொரு படகிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைத் தட்டச்சு செய்வார். எந்தெந்தப் படகு என்று எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும். ஆளை விட்டுச் சொல்லிவிடலாம் என்றால், அந்த செட்டுகளை மாற்றிக் கொடுத்தவர் வாயிலிருந்தே வராமல் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நானே போகலாம் என்றால் படகில் கால் வைக்க முடியாது.

நாளைக்குக் காலையில் செட்டை வாங்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஸ்கூட்டரின் முன்பலகையில் ஒரு பேட்டரியைக் கட்டிவைத்தேன். சாரைப் பின்னால் உட்காரவைத்து, செட்டை அவர் மடியில் கொடுத்து, அந்த சர்வே கல்லுக்கே கூட்டிப் போவேன். எண்கள் பொருந்தும். அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் என் கைபேசியை எடுத்து அதே கல்லின்மேல் வைத்து, மீனவர்கள் எண் எடுப்பது இந்தக் கணக்கில் சார் என்று மட்டும் சொல்வேன்.

செந்தில் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. எடுக்கத் தேவையிருக்காது. அவர் சர்வேயர். எந்தத் திசையில், எவ்வளவு தூரம் என்று அந்தக் கல்லின் பக்கத்தில் நின்றபடியே மனக்கணக்காகப் போட்டுவிடுவார். அவர் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தால் கடலூர் பஸ்ஸுக்குப் போவோம். முகத்துவாரத்தில் நான் கரையில் நின்று மெனுவில் எந்த வரி என்று சொல்வேன். அவர் ஒவ்வொரு படகாக ஏறி மாற்றுவார்.